அறை வெப்பநிலை 20 டிகிரி

மயக்கவியல் எம்.டி. தேர்வில் நான்கு தாள்கள். மற்ற மூன்றையும் ஆபரேஷன் தியேட்டரில் மூன்று வருஷம் நின்ற கால்வலியை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். முதல் தாள் அப்படியில்லை. அது அடிப்படை அறிவியல். பிளஸ் டூ முடித்த கையோடு தலைமுழுகிவிட்டு வந்த இயற்பியல், முப்பது வயதில் சீர்வரிசை பாக்கி கேட்க வந்த சம்பந்தி மாதிரி நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். பாயில் விதி, ஹென்றி விதி, லாப்லாஸ் விதி. எல்லாரும் செத்து இருநூறு முந்நூறு வருஷம் ஆகிறது. ஆனால் விதி மட்டும் நம்மை விடுவதாக இல்லை.

படிப்பு லீவு மூன்று வாரம். புதுச்சேரி விடுதியிலேயே இருந்தால் 'ஒரே ஒரு கேஸ்தான், கொஞ்சம் வந்துட்டுப் போயேன்' என்று கூப்பிடுவார்கள். அதற்குப் பயந்து ஒரு பை துணி, இரண்டு பை புத்தகத்தோடு கடலூர் பஸ் ஏறிவிட்டேன். திருப்பாப்புலியூரில் அம்மா வீடு. ஏப்ரல் கடைசி வாரம். வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஒரு அறையில். அதை முழுப் பரீட்சை முடித்து வந்திருந்த அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் ஏற்கெனவே கைப்பற்றியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கூடத்து ஊஞ்சலும் ஒரு சீலிங் ஃபேனும்.

கூடவே அப்பாவும் கிடைத்தார்.

அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பாயிலர் பக்கம் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பாயிலர் இல்லாத குறையை இப்போது குக்கரில் தீர்த்துக்கொள்கிறார். விசில் சத்தத்தை வைத்தே, 'கேஸ்கெட் போயிடுச்சு, மாத்து' என்று கூடத்தில் இருந்தபடி சொல்வார். அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம், "சத்தமா படிம்மா. நான் கேட்டாத்தான் உனக்கு நிக்கும்."

சரி என்று சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"அறை வெப்பநிலையில், அதாவது 20 டிகிரியில், நைட்ரஸ் ஆக்சைடு என்கிற மயக்க வாயு சிலிண்டருக்குள் அடியில் திரவமாகவும் அதற்கு மேலே ஆவியாகவும் இருக்கும். அழுத்தத்தை அளக்கும் கேஜ் ஏறத்தாழ 50 பார் காட்டும்."

"எந்த அறை?" என்றார் அப்பா.

"ரூம்ப்பா. சாதாரண ரூம்."

அவர் எழுந்துபோய், ஆலையிலிருந்து நினைவாகக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "35 இருக்கு. மணி இன்னும் பதினொண்ணு ஆகல."

புத்தகம் இங்கிலாந்தில் எழுதியது என்று விளக்கினேன். அப்பா தலையாட்டிவிட்டு மேலே படிக்கச் சொன்னார். நான் படித்த அடுத்த வரிதான் வம்பு. நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை 36.5 டிகிரி. அதற்கு மேல் போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது, முழுக்க வாயுதான்.

ஊஞ்சல் நின்றது.

"அப்போ கத்திரி வெயில்ல உன் சிலிண்டருக்குள்ள திரவமே இருக்காதா?"

"தியேட்டர்ல ஏசி இருக்குப்பா."

"சிலிண்டர் தியேட்டருக்குள்ளயா இருக்கு?"

இல்லை. நீல சிலிண்டர்கள் எல்லாம் பின்பக்கம் ஒரு தனி அறையில் வரிசையாக நிற்கும். அங்கிருந்து குழாய் வழியாகத்தான் தியேட்டருக்கு வாயு வரும். அந்த அறையில் ஏசி கிடையாது. மூன்று வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போய் வந்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. முப்பது வருஷம் நீராவியோடு குடும்பம் நடத்தியவருக்கு அது ஐந்து நிமிஷத்தில் தோன்றிவிட்டது. அன்று பதினொரு மணிக்கே படிப்பை ஏறக்கட்டிவிட்டு மோர் குடித்தேன்.

மறுநாள் விடியற்காலை அதே பக்கத்தைத் திரும்பப் புரட்டினேன். சிலிண்டரை எந்த அளவுக்கு நிரப்பலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதே சிலிண்டரில் தண்ணீர் பிடித்தால் எவ்வளவு எடை பிடிக்குமோ அதில் 0.75 பங்கு எடைக்குத்தான் நைட்ரஸ் ஆக்சைடை அடைப்பார்கள். இது குளிர் நாட்டுக்கு. வெப்ப நாடுகளில் 0.67. சூட்டில் திரவம் விரிந்து அழுத்தம் எகிறுமே, அதற்கு இடம் விட்டு வைக்கிறார்கள். அந்த 0.67 ஒரு அடைப்புக்குறிக்குள் இருந்தது. நான் ஏற்கெனவே இரண்டு தடவை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்ட பக்கம்தான். அடைப்புக்குறியை மட்டும் ஒழுங்காக விட்டுவிட்டுப் பூசியிருக்கிறேன்.

அப்பாவிடம் காட்டினேன். "பாரு, நம்ம ஊர் வெயிலுக்குன்னு தனிக்கணக்கு போட்டு வச்சிருக்கான் வெள்ளைக்காரன். நீ தாண்டிப் போயிட்ட" என்றார். காபி கசந்தது.

அம்மா வேறு ரகம். பாடத்தில் அவளுக்கு அக்கறை இல்லை, எண்கள்தான் காதில் விழும். மயக்க வாயுக்களின் மேக் அளவை ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு பேருக்குக் கொடுத்தால் ஐம்பது பேர் கத்தி பட்டும் அசையாமல் இருக்கத் தேவையான செறிவு அது. ஹாலோத்தேன் 0.75, ஐசோஃப்ளூரேன் 1.15, செவோஃப்ளூரேன் 2, டெஸ்ஃப்ளூரேன் 6, நைட்ரஸ் ஆக்சைடு 104. எல்லாம் சதவீதம்.

"நூத்துக்கு நூத்திநாலா? எந்த வாத்தியாருடி அவ்வளவு தாராளமா போட்டது?"

நூறு சதவீதமும் அந்த வாயுவையே கொடுத்தாலும் தனியாக அதை மட்டும் வைத்து ஆளை மயக்க முடியாது என்பதுதான் அந்த 104-க்கு அர்த்தம் என்றேன். அதற்குள் மூச்சு விட ஆக்சிஜன் இல்லாமல் ஆள் போய்விடுவார் என்பதையும் சொன்னேன். "அப்புறம் எதுக்கு அத வாங்கி வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நிஜத் தேர்வில் இரண்டு பக்கம் எழுத வேண்டிய கேள்வி அது.

அதே வாரம் சமையல் கேஸ் தீருகிற நிலை. நான் அதிமேதாவித்தனமாக, "உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் மாறாதும்மா. கடைசிச் சொட்டு ஆவியானதுக்கு அப்புறம்தான் மளமளன்னு இறங்கும். அதனால அடுப்புத் தீயை வச்சு எவ்வளவு மிச்சம்னு கண்டுபிடிக்கவே முடியாது. எங்க நைட்ரஸ் சிலிண்டரும் இதே கதைதான். ஆக்சிஜன்னா செலவாக ஆக கேஜ் முள்ளும் இறங்கிட்டே வரும்" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அம்மா பதில் பேசாமல் கைப்பிடித் துணியை நனைத்து சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தாள். மேல்பக்கம் சடுதியில் காய்ந்தது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மட்டும் ஈரம் நின்றது. "இவ்வளவுதான் இருக்கு. ரெண்டு நாள் வரும்" என்றாள். இரண்டரை நாள் வந்தது.

புது சிலிண்டர் கொண்டுவந்தவரை அப்பா சும்மா விடவில்லை. தொங்கு தராசில் மாட்டி, மேலே பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்து, 14.2 கிலோ சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். நான் ஊஞ்சலில் உட்கார்ந்து அதையே வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்: 'நைட்ரஸ் ஆக்சைடின் மிச்சத்தை அறிய சிலிண்டரை எடை போட்டு, வெற்று எடையைக் கழிக்கவும்.' சிலிண்டர்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இடையில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்த இடம் என்டோனாக்ஸ். ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் பாதிக்குப் பாதி கலந்தது. சிலிண்டர் ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் இரண்டும் பிரிந்துவிடும். அப்போது அதைப் படுக்க வைத்து, சூடேற்றி, தலைகீழாகப் புரட்டிப் புரட்டி... உள்ளங்கை வியர்வையில் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தபோது இதைப் படித்தேன். கடலூர் மைனஸ் ஆறுக்குப் போகும் அன்றைக்கு சில்வர் பீச் மீனெல்லாம் தானாகவே ஐஸில் இருக்கும். என்டோனாக்ஸை யார் தேடப் போகிறார்கள்? ஆனாலும் மனப்பாடம் செய்தேன். அதில்தான் கேள்வி வரும், எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது டெஸ்ஃப்ளூரேன். அது கொதிப்பது 23 டிகிரிக்குப் பக்கத்தில். நம் ஊரில் திறந்து வைத்தால் ரசம் மாதிரி தளதளவென்று கொதித்துவிடும். அதனால் மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் மற்ற வேப்பரைசர்களில் இதை ஊற்ற முடியாது. இதற்கென்றே டெக் 6 என்று ஒரு தனி வேப்பரைசர். மின்சாரத்தில் மருந்தை 39 டிகிரிக்குச் சூடாக்கி, ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் ஆவியை அடைத்து வைத்து, அதிலிருந்து அளந்து அளந்து விடும்.

"ஏம்மா, இது பாயிலர்தானே!"

"வேப்பரைசர்ப்பா."

"சூடு பண்ணி, ஆவியாக்கி, அமுக்கி வச்சு, வால்வு போட்டு விடுறான். இதுக்குப் பேரு பாயிலர். சேஃப்டி வால்வு எங்க இருக்கு? படம் காட்டு."

படத்தைப் பார்க்கக் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தார். ஆலையில் கரும்புச் சாற்றை நூறு டிகிரியில் காய்ச்சினால் சர்க்கரை கருகிவிடும் என்பதால், வேக்கும் பேனில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து, எழுபது டிகிரிக்குள்ளேயே கொதிக்க வைப்பார்களாம். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், கூடினால் கூடும். செறிவுற்ற ஆவியழுத்தம் என்ற தலைப்பில் நான் நாலு புத்தகம் மாற்றி மாற்றிப் படித்தும் மண்டையில் ஏறாததை, வெல்லப்பாகு வாசனையோடு முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து தெருவில் யார் விசாரித்தாலும் 'பாப்பா பாயிலர் பரீட்சைக்குப் படிக்குது' என்று சொல்ல ஆரம்பித்தார். எதிர்வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு, 'டாக்டர் வேலை பிடிக்கலயாம்மா?' என்று அனுதாபமாகக் கேட்டாள்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் எழுதினேன், கை வலித்தது. என்டோனாக்ஸ் வந்தது.

வாய்மொழித் தேர்வான வைவா புதுச்சேரியில், கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம். அன்று பார்த்து ஹாலில் ஏசி மக்கர். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வடக்கத்திக்காரர். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு சின்ன நீல சிலிண்டர். அதைத் தட்டிக் காட்டி, "அட் ரூம் டெம்பரேச்சர், இதற்குள் என்ன நிலையில் இருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மூன்று வாரப் பழக்கம். யோசிப்பதற்குள் வாயிலிருந்து விழுந்துவிட்டது: "விச் ரூம், சார்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் துடைப்பதை நிறுத்தினார். வேறு வழியில்லை, ஆரம்பித்ததை முடித்துவிடுவோம் என்று 20 டிகிரி, 36.5 டிகிரி, 0.67 எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மாறுநிலையைத் தாண்டிவிட்டால் இந்தக் கேஜும் ஆக்சிஜன் கேஜ் மாதிரி ஆரம்பத்திலிருந்தே இறங்கும் என்றும் சொன்னேன். அவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார், சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். "இன் திஸ் ரூம், ஐ திங்க் இட் இஸ் ஆல் கேஸ்" என்றார். மிச்சம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றதற்கு எடை போட்டு என்றேன். யாராவது எடை போட்டு நேரில் பார்த்திருக்கிறாயா என்றார்.

"எங்க வீட்டு எல்பிஜி டெலிவரிக்காரர் மட்டும்தான், சார்."

அவர் சிரித்தாரா, வெயிலில் முகம் அப்படி ஆனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேர்வு முடிவில் என் எண் இருந்தது, அது போதும்.

வைவா முடிந்த அன்று இரவு வீட்டுக்குப் போனதும் அம்மா கேசரி கிளறியிருந்தாள். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த பாயிலரைப் பத்தி என்ன கேட்டாங்க?" என்றார்.

டெஸ்ஃப்ளூரேன் பற்றியே யாரும் கேட்கவில்லை என்றேன். அப்பா கேசரியை இரண்டு ஸ்பூனோடு வைத்துவிட்டார்.