ஒரு குளவிக்கு இரண்டு முறை பெயர் வைத்தேன்

மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிக்குப் பெயர் வைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. கட்டுரை போன வாரம் வந்துவிட்டது. எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே காட்டில் பிடித்து வளர்த்த புழுவிலிருந்து வெளிவந்த குளவி. பேரினம் அபான்டெலஸ். இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டான பார்கோடு எடுக்க ஒரு காலைப் பிய்த்து அனுப்பினேன். வந்த டிஎன்ஏ குளவியுடையதல்ல, அதன் உடம்புக்குள் குடியிருந்த வோல்பாக்கியா பாக்டீரியாவுடையது! இன்னொரு காலும் போனது. எப்போதும் ஒரே பக்கக் காலையே எடுங்கள். விவரிக்க மறுபக்கமாவது மிஞ்சும்.

விவரணை, அளவு, படமெல்லாம் சிக்கலில்லை. பெயரில்தான் மாட்டினேன். கால் கறுப்பு என்பதால் அதையே லத்தீனில் வைத்தேன். இன்றைய அபான்டெலஸ் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். மீளாய்வாளர் ஒரே வரியில் முடித்தார்: "இந்தப் பெயரை முன்பே ஒருவர் வைத்துவிட்டார்."

1981இல் வகைப்பாட்டியலாளர் மேசன் அபான்டெலஸைப் பல பேரினங்களாகப் பிரித்தார். அதற்கு முன் அபான்டெலஸாகப் பெயரிடப்பட்ட எத்தனையோ குளவிகள் இன்று கோட்டீசியா, கிளிப்டாபான்டெலஸ் என்று சிதறிக் கிடக்கின்றன. புகுந்த வீடு எதுவானாலும் விலங்குப் பெயரிடல் விதிக்குப் பிறந்த வீடுதான், அதாவது முதலில் பெயர் வைத்த பேரினம்தான் கணக்கு. அங்கே ஒருமுறை வைத்த பெயரை மறுபடி வைக்க முடியாது. ஆகவே பழைய பட்டியல்களையும் துழாவுங்கள்.

2014இல் இதே காட்டின் அபான்டெலஸில் 186 புதிய இனங்களை விவரித்தவர்கள், பலவற்றுக்கு உள்ளூர்க்காரர்களின் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டியே வைத்திருந்தார்கள். ரயில் பெட்டி போல நீளம் என்று சிரித்திருக்கிறேன். அவ்வளவு நீளப் பெயரை முன்பே எவன் வைத்திருப்பான்? நானும் புழு வளர்த்த பெண்மணியின் முழுப்பெயரை ஒட்டினேன். அவசரத்தில் லத்தீனில் ஆணுக்குரிய 'இ' விகுதி! பெண்ணென்றால் 'ஏ'. அச்சுப்படியில்தான் கண்ணில் பட்டது.

அதே அச்சுப்படியில், விலங்குப் பெயர்களின் அதிகாரபூர்வப் பதிவேடான ஸூபேங்கின் பதிவு எண்ணையும் காணோம். இணையத்தில் மட்டும் வரும் இதழில், பதிந்ததற்கு அந்த எண் போன்ற சான்று கட்டுரைக்குள்ளேயே இல்லாவிட்டால் பெயர் செல்லாது. "இணையப் பக்கத்தில் போடுகிறோமே" என்றார் இதழ் ஊழியர். நான்காவது மின்னஞ்சலில் விதியின் பிரிவு எண்ணோடு எழுதினேன். மறுநாளே சேர்த்தார்கள்.

அந்தப் பெண்மணிக்குப் படம் அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு, "எந்தப் புழுவிலிருந்து வந்தது?" என்று கேட்டார்.