மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்?

கூகிளில் தேடினால் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் என்று வரும். கணக்கு சரி. ஆனால் கல்லடியில் இருக்கிற என் மாமிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மாமி கேட்டது வேறு: "மனே, இஞ்ச கதவப் பூட்டினா, மகள்ட வாசல்ல எத்தின மணித்தியாலத்தால நிப்பன்?"

அந்த 14,000 என்பது உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற தூரம். நூல் மேற்கே போகாது, இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிவிட்டுத்தான் கனடாவுக்குள் இறங்கும். அந்த வழியில் நேரடி விமானம் எதுவும் இல்லை. பெரும்பாலும் டுபாயோ டோஹாவோ போய் மாறத்தான் வேண்டும். சுற்று வழி என்று எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள், ஆனால் கூட்டிப் பாருங்கள்: கொழும்பு–டுபாய் 3,300, டுபாய்–ரொறன்ரோ 11,100. மொத்தம் 14,400. அவ்வளவு பெரிய பயணத்தில் சுற்று வெறும் 400 கிலோமீட்டர்தான்!

உண்மையான சுற்று நம்ம ரோட்டில்தான் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் சுமார் 210 கிலோமீட்டர், பெரிய பிளேன் உயரத்தில் போகிற வேகத்துக்கு அது கால் மணித்தியால வேலை. வான் பிடித்து ரோட்டால் போனால் ஓட்டமாவடி, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரண, குருநாகல் என்று 300 கிலோமீட்டரை ஒட்டி வரும், இடையில் பிளேன்டீக்கு நிற்பாட்டி, இரவென்றால் யானைக்குப் பயந்து மெதுவாகப் போய், 7 மணித்தியாலம் போய்விடும். மட்டக்களப்பிலும் விமான நிலையம் இருக்கிறது, 2018இல் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறந்தார்கள், ஆனாலும் பெட்டி கட்டியதும் ஊரில் எவரும் கோல் எடுப்பது வான்காரருக்குத்தான்.

சரி, மாமியின் கணக்கு. வான் 7, எயார்போட்டில் முன்கூட்டியே 3, டுபாய் வரை நாலரை, அங்கே காத்திருப்பு 4, பிறகு ரொறன்ரோவுக்கு 14, இறங்கி இமிகிரேஷன், பெட்டி எல்லாம் ஒன்றரை. ரொறன்ரோ எயார்போட் வாசல் வரை 34 மணித்தியாலம், இதில் பிளேனுக்குள் இருப்பது 18 சொச்சம்தான். மாசியும் கணவாய்க் கருவாடும் அடைத்த பெட்டியை நிறுத்துப் பார்த்து, கயிறு கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டுகிற நேரத்தை நான் சேர்க்கவில்லை.

மணிக்கூடு வேறு ஆளை ஏமாற்றும். கட்டுநாயக்கவில் இரவு 10 மணிக்கு ஏறினால், கோடைக்காலத்தில் ரொறன்ரோவில் மறுநாள் காலை 11 மணிக்கு இறங்கலாம். பார்த்தால் 13 மணித்தியாலம் போல இருக்கும், போனது இருபத்திரண்டரை. நாம் அவர்களை விட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறோம். குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை.

டுபாயில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடக்கிற தூரமும் கொஞ்சமல்ல. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும்தான், டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். கூட்டிக்கொண்டு போய் அடுத்த பிளேன் வாசலில் விடுவார்கள்.

திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ரொறன்ரோ–டுபாய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறையும். ஆனால் திகதி தாவிவிடும்: வியாழன் இரவு 10 மணிக்கு அங்கே ஏறுகிறவர் இங்கே வந்து சேர்வது சனி விடியற்காலை. வான்காரருக்குக் கிழமையைச் சொல்லாமல், கட்டுநாயக்கவில் இறங்குகிற திகதியைச் சொல்லுங்கள்.