சத்திரத்தைப் பின்கட்டிலிருந்து படியுங்கள்

சின்ன ஊர்ச் சத்திரம் என்றதும் எல்லோரும் கேட்பது "யார் கட்டினது?" என்றுதான். வாசலில் ஒரு கல், கல்லில் ஒரு பெயர், அதோடு வரலாறு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் யாரை எதுவரை உள்ளே விட்டார்கள், யார் திண்ணையோடு நின்றுகொண்டார்கள், தர்மச் சாப்பாடு எப்போது நின்று வாடகை எப்போது வந்தது என்பதுதான் அதன் உண்மையான கதை. அதை வாசல் கல் சொல்லாது. பின்கட்டும் பதிவேடுகளும் சொல்லும்.

முதல் வேலை, டேப்பை எடுத்து வரைபடம் போடுவது. திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), முற்றம், சுற்றுத் தாழ்வாரம், உக்கிராண அறை (மளிகைச் சாமான் அறை), சமையற்கட்டு, கிணற்றடி என்று வரிசையாக அளந்துகொண்டே போங்கள். ஒவ்வொரு சுவரின் பருமனையும் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் காரையில் எழுந்த பழைய சுவர் ஒன்றரை அடி, இரண்டடி இருக்கும். நடுவில் நாலரை அங்குலத்தில் ஒரு சுவர் வந்தால் அது பின்னால் வைத்தது. பழைய சுவரோடு செங்கல் பிணைந்திருக்கிறதா, வெறுமனே முட்டி நிற்கிறதா என்று மூலையில் பாருங்கள். முட்டி நின்றால், பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்த கூடத்தைத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சத்திரம் லாட்ஜாக மாறிய கணம் பெரும்பாலும் இந்த நாலரை அங்குலத்தில்தான் இருக்கிறது.

அடுத்து அடுப்புகளையும் கிணறுகளையும் எண்ணுங்கள். பெரிய பாத்திரங்கள் ஏற்றும் கோட்டை அடுப்பை இடித்து மூடியிருந்தாலும், மேலே புகைபோக்கித் துவாரமும் எத்தனை வெள்ளை அடித்தாலும் கசிந்து வரும் கரியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு சமையற்கட்டு, இரண்டு கிணறு, பக்கவாட்டில் தனி வாசல் என்று இருந்தால் அது வசதிக்காகச் செய்தது என்று எழுதிவிடாதீர்கள். பல சத்திரங்களில் உள்கட்டுப் பந்தி பிராமணர்களுக்கு, வெளித் தாழ்வாரம் மற்ற சாதியாருக்கு, சிலருக்கு வாசல்வரைகூட இல்லை. இதை மழுப்பி "அனைவருக்கும் அன்னமிட்ட சத்திரம்" என்று எழுதும் தலவரலாறுகள் நிறைய உண்டு. தர்ம சாசனத்தில் யாருக்குப் போஜனம் என்று என்ன சொல் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து எழுதுவதுதான் நியாயம்.

காலத்தை நிர்ணயிப்பதில்தான் தவறு அதிகம். மங்களூர் ஓட்டைப் புரட்டிப் பார்த்து, பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரையில் 1865 என்று கண்டதும் "வீடு 1865ல் கட்டியது" என்று எழுதிவிடுகிறார்கள். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துச் சுட்டதாக இருக்கலாம். அதோடு, நாட்டு ஓட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் மங்களூர் ஓடு போட்ட வீடுகள் ஏராளம். இரும்பு உத்தரத்தில் டாட்டா பெயர் வார்ப்பில் இருந்தால் அது 1912க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. ஜாம்ஷெட்பூரில் எஃகு வரத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். சுவரில் வாடகை விகிதம் ரூபாய் அணாவில் எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு எழுதியது என்று கொள்ளலாம். நயா பைசா வந்தது அப்போதுதான்.

கல்லில் உள்ள வருடத்தையும் அவசரப்பட்டு ஆங்கில ஆண்டாக மாற்றாதீர்கள். பிரபவ என்று மட்டும் இருந்தால் அது 1867-68 ஆகலாம், 1927-28 ஆகலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். கூடவே சாலிவாகன சகாப்தம் 1789 என்று இருந்தால் 78 கூட்டுங்கள், 1867 வரும், பிரபவவும் பொருந்தும். கலியுக ஆண்டானால் 3101 கழிக்க வேண்டும். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டாக இருக்கும்; அதற்கு 825 கூட்டினால் ஓராண்டு முன்பின்னாக வரும். வருடப் பெயரும் ஆண்டு எண்ணும் ஒத்துவரவில்லை என்றால் படித்ததில் எங்கோ பிசகு. சுண்ணாம்பு ஏறிய கல்லைச் சுரண்ட வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும், அப்போது படம் எடுங்கள்.

இனி காகிதம். வில்லங்கச் சான்று ஆன்லைனில் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான் எளிதாகக் கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். பழைய சர்வே எண், தெருப் பெயர், நான்கெல்லை மூன்றும் கையில் இல்லாமல் போனால் பயனில்லை. சத்திரத்தை உயில் மூலம் எழுதி வைத்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் வராது. உயில்கள் பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் நகல் தரச் சட்டம் இடம் தருகிறது. இதைத் தெரியாமல் "பத்திரமே இல்லை" என்று திரும்பி வருபவர்கள் அநேகம்.

சத்திரத்துக்கு இனாம் நிலம் (மானியமாக விட்ட நிலம்) இருந்திருந்தால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரை (Inam Fair Register) தேடுங்கள். 1858ல் அமைந்த இனாம் கமிஷன் கிராமம் கிராமமாகப் போய் எழுதியது. யார் விட்டது, எதற்காக, அப்போது யார் அனுபவத்தில் இருந்தது என்று பத்தி பத்தியாக இருக்கும். தஞ்சைப் பக்கத்துப் பத்திரங்களில் வேலி, மா, குழி வரும்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். ஜில்லா போர்டு (அந்நாளைய மாவட்ட உள்ளாட்சி மன்றம்) நடத்திய சத்திரமானால் 1884 ஸ்தல ஸ்தாபனச் சட்டத்துக்குப் பிந்தைய போர்டுக் காகிதங்களில் செலவுக் கணக்கு இருக்கும். போர்டுகள் கலைந்தபோது பல கட்டடங்கள் ஊராட்சி ஒன்றியங்களுக்குப் போயின. அங்கே பழைய சொத்துப் பதிவேட்டைக் கேளுங்கள்.

காசு வாங்கித் தங்கவைத்த வீடானால் 1939 சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் உதவும். தங்கும் விடுதி என்பதற்கு அது தரும் விளக்கத்தில் போர்டிங் ஹவுஸும் சத்திரமும் சேர்ந்தே வருகின்றன. அதனால் நகராட்சி உரிமப் பதிவேட்டில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

ஏன் மாறியது என்பதற்கு ஊருக்கு வெளியே பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861-62ல் ரயில் வந்தது. 1902ல் மண்டபம் வரை, 1914ல் பாம்பன் பாலம். ராமேசுவரத்துக்கு நடந்து போனவர்கள் ரயில் ஏறியதும் வழிநெடுக இருந்த சத்திரங்களுக்கு ஆள் குறைந்தது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரமே பின்னாளில் மாணவர் விடுதியானது. சிறியவை லாட்ஜாகவும் நெல் கிடங்காகவும் போயின.

யார் உள்ளே வரலாம் என்ற கேள்விக்கும் ஆண்டுகள் உண்டு. உணவகம், ஹோட்டல்களில் சாதி பார்த்துத் தடுப்பதை 1950ல் அரசியல் சாசனம் விலக்கியது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாக, தர்மசாலையிலும் சத்திரத்திலும் பொதுவில் வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதைக்கூடக் குற்றமாக்கியது. பாத்திரத்தைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். பக்கவாட்டு வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தால், அதை எப்போது அடைத்தார்கள் என்று சத்திரத்து மணியம் (நிர்வாகம்) பார்த்த குடும்பத்திலும் பரிசாரகர் (சமையற்காரர்) குடும்பத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த வாசல் வழியாக வந்து போனவர்களின் தெருவிலும் கேளுங்கள். மூன்று பதிலையும் வரைபடத்தில் அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.