தளியின் மூடுபனியும் கம்பியில் ஏறும் பனிக்கட்டியும்

தை பிறந்த நான்காம் நாள், விடிவதற்கு முன்பே தருமபுரியிலிருந்து தளிக்குக் கிளம்பினோம். உடன் வந்தவர் என் தங்கையின் கணவர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உயரழுத்த மின்தடங்களைப் பார்வையிடும் வேலையில் இருக்கும் அவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். மாப்பிள்ளைக்குக் குளிர் புதிதல்ல என்பதால் மேல்சட்டைகூட இல்லாமல் வந்தார். நான்தான் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தேன்.

பாலக்கோடு வரை பாதை தெளிவாக இருந்தது. இராயக்கோட்டையைத் தாண்டிக் கெலமங்கலத்தை நெருங்கியபோது, முகப்பு விளக்கின் ஒளி சில அடிகளுக்கு அப்பால் போகாத அளவுக்கு மூடுபனி கவிந்தது. மின்தடம் ஒன்று சாலையைக் கடக்கும் இடத்தில், "மச்சான், ஓரமாக நிறுத்துங்கள்" என்றார். இறங்கியதும் தலைக்கு மேலே எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற சலசலப்புக் கேட்டது. மழை என்று நினைத்தேன். கம்பியின் மேல் நிற்கும் நீர்த்துளிகளின் நுனியில் மின்னழுத்தம் குவிந்து, சுற்றியுள்ள காற்றில் கசிவதால் எழும் ஒலி அது என்று அவர் விளக்கினார்.

பிறகு வேலியோரம் அழைத்துச் சென்று ஒன்றைக் காட்டினார். கல்தூண் வெறுமனே ஈரமாக இருந்தது. அதில் கட்டிய முள்கம்பியில் துளிகள் வரிசையாக நின்றன. இரண்டுக்கும் நடுவே இருந்த சிலந்தி வலையோ முத்துக் கோத்தது போல நிறைந்திருந்தது. காற்று தடித்த தூணை நெருங்கும்போது வெகுமுன்னதாகவே விலகி வளைவதால், அதில் மிதக்கும் நுண்துளிகளும் கூடவே விலகிவிடுகின்றன. மெல்லிய இழையின் முன்னே அந்த வளைவு மிகச் சிறிய தொலைவில் நிகழ்வதால், அவ்வளவு விரைவாகத் திரும்ப முடியாத துளி நேரே போய் முட்டிக்கொள்கிறது. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் கோபுரத்தின் கனத்த கால்களைவிட மின்கம்பியும் கோபுரத்தை இழுத்துக் கட்டும் வடங்களும் விரைவாகப் பனிக்கட்டி பூணுவதற்குக் காரணம் இதுவே என்றார்.

வேறுபாடு வெப்பநிலையில் மட்டுமே இருக்கிறது. அன்று காலை எங்கள் வண்டியின் வெப்பமானி 14 டிகிரி காட்டியது. அங்கே அதே மூடுபனி சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரியிலும் உறையாமல் நீராகவே மிதந்து, பொருளில் பட்ட கணத்தில் உறைகிறது. சிறிய துளிகள் பட்ட இடத்திலேயே உறையும்போது இடையில் காற்று சிக்கிக்கொள்வதால் வெண்ணிறப் பனிக்கட்டி உருவாகி, காற்று வரும் திசையை நோக்கியே கொம்பு போல வளர்கிறது. மேலே சூடான காற்றடுக்கில் உருகிய பனி, தரையோரக் குளிரடுக்கில் மழையாக இறங்கினால், துளி பரவி உறைந்து கண்ணாடிபோல் தெளிவான கட்டியாகப் படியும். எடை மிகுந்ததும் பெயர்க்கக் கடினமானதும் இந்த இரண்டாம் வகை. கம்பியின் ஒரு பக்கத்தில் கட்டி சேர்ந்ததும் அந்தப் பாரம் கம்பியையே முறுக்கி மறுபக்கத்தைக் காற்றுக்குக் காட்டும் என்பதால், கடைசியில் அது முழு உருளையாகிவிடும்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம்மவர்கள் சொன்னது குளிரை. புகைபோலப் படர்வதற்கும், புல்லின்மேல் நிற்பதற்கும், இமயத்தில் குவிவதற்கும் நமக்குப் பனி என்ற ஒரே சொல்தான். அன்று அது எனக்குப் போதவில்லை.

தேன்கனிக்கோட்டையில் தேநீருக்கு நின்றபோது ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். நம் நாட்டில் 400 கிலோவோல்ட் தடங்களில் பரவலாக உள்ள கம்பிக்கு 'மூஸ்' என்று பெயர். கனடாக் காட்டு மானின் பெயர் நம் ஊர்க் கம்பிக்கு எப்படி வந்ததோ! ஏறக்குறைய 32 மி.மீ. விட்டம், மீட்டருக்கு 2 கிலோ எடை. அதைச் சுற்றி 25 மி.மீ. தடிமனில் தெளிந்த பனிக்கட்டி படிந்தால், மீட்டருக்கு மேலும் 4 கிலோ சேரும். இரு கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர் என்றால் ஒரு கம்பிக்கே 1.6 டன், கோபுரங்கள் பன்னிரண்டு கம்பிகளைத் தாங்கினால் 19 டன். நார்வேயின் லோனஹோர்கி மலையில் 1961 ஏப்ரலில் ஒரு மீட்டர் கம்பியில் 305 கிலோ பதிவாகியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவருடைய மூத்த பணியாளர்கள் இன்றும் பேசுவது 1998 ஜனவரி 5 முதல் 10 வரை பெய்த உறைமழையைப் பற்றித்தான். மான்ட்ரியாலைச் சுற்றிச் சில இடங்களில் அது 100 மி.மீ. அளவை எட்டியது, ஒரு கோபுரம் சாய, அதன் கம்பிகள் அடுத்ததை இழுக்க, வரிசை வரிசையாக எஃகுக் கோபுரங்கள் மடிந்தன. கியூபெக்கில் மட்டும் 14 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில வீடுகளுக்கு ஒரு மாதம் கழித்தே வெளிச்சம் திரும்பியது. அதன்பிறகு சரிவு தொடராமல் தடுக்கும் வலுவான கோபுரங்களை இடையிடையே நிறுத்தினார்கள். மிகுதியான மின்னோட்டத்தைச் செலுத்திக் கம்பியைச் சூடாக்கிக் கட்டியை உருக்கும் ஏற்பாடும் வந்தது.

தளியை அடைந்தபோது மணி எட்டு. வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததாகச் சொல்லப்படும் ஊர். மாப்பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்தார். மெய்யான இங்கிலாந்தின் எம்லி மூரில் 385 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் 1969 மார்ச் 19 அன்று பனிக்கட்டியின் பாரத்தோடு நின்றபோது, புயல்காற்றில் அல்ல, சீரான காற்று ஏற்படுத்திய அதிர்வில் விழுந்ததை நினைவூட்டினார்.

திரும்பும்போது கிருஷ்ணகிரி வழியாக வந்தோம். காவேரிப்பட்டினத்தருகே மாந்தோப்பில் நின்ற பெரியவர் ஒருவர், தளிப் பக்கம் பனி எப்படி என்று எங்களிடம் கேட்டார். மாம்பூ விரியும் காலம் அது. பனி நீடித்தால் பூ கருகி உதிரும் என்பது அவருடைய கவலை. மாப்பிள்ளை அவரிடம் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கேட்டார்.