மனமொத்த மணவிலக்கு: ஆறு மாத இடைவெளியை நாங்கள் பயன்படுத்திய விதம்

மனமொத்த மணவிலக்குக்காக வழக்கறிஞரிடம் போகும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தவிர்க்க முடியுமா என்பதுதான். முடியும். இந்துத் திருமணச் சட்டம் 1955-இன் 13பி பிரிவின்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்த தம்பதியர் கூட்டாக மனுத் தாக்கல் செய்து, ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்து தங்கள் சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் 2017-இல் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் வழக்கில், அந்த ஆறு மாதம் கட்டாயமல்ல என்றும், ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரச முயற்சியும் பலிக்காமல், ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு உள்ளிட்ட எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இன் இறுதியில் கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத்தில் நானும் என் கணவரும் மனுத் தாக்கல் செய்தபோது, பிரிந்து இரண்டாண்டுக்கு மேலாகியிருந்தது. தள்ளுபடி கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடும். நாங்கள் கேட்கவில்லை. கேட்காதது எவ்வளவு சரியான முடிவு என்பதை, இதே வழியில் போகவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் பிரிந்தோம் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். எங்களுக்குத் திருமணம் நடந்தது 2011-இல்; பள்ளியில் படிக்கும் ஒரு மகள். நான் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியை. அவர் ஒரு பொறியியல் நிறுவனத்தில் மேலாளர். இருவர் பெயரிலும் ஓர் அடுக்குமாடி வீடு, அதன்மேல் இருவர் பெயரிலும் வீட்டுக் கடன், ஓரளவு அடகில் இருந்த என் நகைகள், வருங்கால வைப்பு நிதி, காப்பீடுகள், மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பொதுவாக இருப்பவை இவ்வளவுதான். இவற்றைப் பிரிப்பதுதான் மணவிலக்கின் உண்மையான வேலை என்பது தொடங்கிய பிறகுதான் தெரிகிறது. மனு சில பக்கங்களில் முடிந்துவிடும். அதனுடன் இணைக்கும் ஒப்பந்தம்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

பேச்சு தொடங்கியபோது என் தாய்மாமன், "நகை வந்தாப் போதும் கண்ணு, மத்ததுக்கெல்லாம் எதுக்குக் கணக்கு?" என்றார். சண்டை வளரக் கூடாதே என்ற அன்பில் சொன்னது அது. ஆனால் கணக்குப் பார்க்காமல் விட்ட விஷயங்கள்தான் பின்னாளில் சண்டையாகத் திரும்பி வருகின்றன. எங்கள் ஊரிலேயே, தீர்ப்பு வந்து பல ஆண்டுகளான பின்பும் ஒரு வீட்டுக்காகவும் ஒரு கடனுக்காகவும் வழக்காடிக்கொண்டிருக்கும் இருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் வழக்கறிஞர் முதலில் செய்யச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் அனைத்தையும் ஒரு குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. எங்களுக்குள் ஜீவனாம்ச வழக்கு ஏதும் இல்லை. இருந்தும், அந்தப் படிவத்தை இருவரும் நிரப்பி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வங்கிக் கணக்குகள், வைப்புத் தொகை, பங்குகள், கடன் அட்டை நிலுவை, காப்பீடு, நகை, பெற்றோருக்கு அனுப்பும் பணம் வரை அது கேட்கிறது. பத்தாண்டு ஒன்றாக வாழ்ந்தும் எனக்குத் தெரியாத இரண்டு கடன்கள் அவருக்கு இருந்தன. அவருக்குத் தெரியாத ஒரு சீட்டு எனக்கு இருந்தது. கோபம் வந்தது, ஆனால் கோபம் வர வேண்டிய நேரம் அதுதான், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அல்ல. இந்தப் படிவத்தை நிரப்ப மறுக்கும் துணையோடு யாரும் அவசரமாக மனமொத்த மனுவில் கையெழுத்திட வேண்டாம் என்றே சொல்வேன்.

வீட்டு விஷயம்தான் அதிகக் காலம் பிடித்தது. திருமணத்துக்குப் பின் வாங்கியதெல்லாம் பாதிப் பாதி என்று பலர் நம்புகிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொதுவாகப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்து வாங்குவதில் ஒரு பங்களிப்பே என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு எதிர் கம்சலா அம்மாள் வழக்கில் தீர்ப்பளித்தது. எத்தனையோ பெண்களின் வாழ்நாள் உழைப்புக்கு மதிப்புக் கொடுத்த தீர்ப்பு அது. பேச்சுவார்த்தையில் அது வலு சேர்க்கும்; ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதுவே தானாகப் பாதியைப் பெற்றுத் தந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை. மகளின் பள்ளி அருகில் இருப்பதால் வீடு எனக்கு, அவர் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பது என்று முடிவானது.

ஆனால் கடன்? இனிமேல் மனைவியே தவணை கட்டுவார் என்று ஒப்பந்தத்தில் எழுதி, நீதிமன்றமும் அதைத் தீர்ப்பில் சேர்த்துவிட்டால், கணவர் கடனிலிருந்து விடுபட்டுவிட்டார் என்று பொருளல்ல. வங்கி அந்த வழக்கில் தரப்பினர் அல்ல. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்ட இருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளிகளாகவே நீடிப்பார்கள். நான் ஒரு தவணை தவறினால் அவருடைய கடன் மதிப்பெண் குறையும். அவர் வேறு கடன் கேட்டுப் போனால் இந்தக் கடனும் அவர் கணக்கில் நிற்கும். எனவே கடனை என் ஒருத்தி பெயருக்கு மாற்றக் கேட்டோம். 28 லட்சம் நிலுவைக்கு என் சம்பளம் போதாது என்று வங்கி மறுத்தது. பல வாரப் பேச்சுக்குப் பிறகு வழி கிடைத்தது: எனக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட நிரந்தர ஜீவனாம்சத்தில் 12 லட்சத்தை என் கையில் தராமல் நேராகக் கடன் கணக்கில் அவர் கட்ட, மீதி 16 லட்சத்தை என் வருமானத்தை மட்டும் வைத்துத் தொடர வங்கி சம்மதித்தது. இந்த ஒரு வேலைக்கே நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறு மாதத் தள்ளுபடி வாங்கியிருந்தால், இது முடியும் முன்பே தீர்ப்பு வந்திருக்கும்.

தீர்ப்புக்கு முன்பே முடிக்க வேண்டியது, அவர் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும்தான். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 2023 ஜூலை திருத்தத்தின்படி 40,000 ரூபாய்க்கு மேல் போகாது; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. கணவன், மனைவி என்ற உறவு பதிவு நாளில் இருந்தால்தான் இந்தச் சலுகை. தீர்ப்புக்குப் பின் அதே பத்திரத்தைப் பதிய இதைவிடப் பன்மடங்கு செலவாகும். வருமான வரியிலும் அப்படித்தான்: துணையிடமிருந்து பெறும் சொத்து உறவினரிடமிருந்து பெற்றதாகக் கருதப்பட்டு வரியின்றிப் போகிறது, மணவிலக்குப் பெற்றவர் அந்த உறவினர் பட்டியலில் இல்லை. வீடு அடமானத்தில் இருந்ததால் வங்கியின் தடையின்மைச் சான்றும் தேவைப்பட்டது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் பங்கை முன்னதாக எழுதிக் கொடுத்தவர் கதி என்ன? நாங்கள் ஒவ்வொரு கொடுக்கலையும் ஒரு வாங்கலோடு இணைத்தோம். முதல் மனுவின்போது நகை ஒப்படைப்பும், எனக்குரிய தொகையில் ஒரு பகுதியும்; கடன் மாற்றம் உறுதியான பின்பே விடுதலைப் பத்திரம்; மிச்சத் தொகைக்கான வரைவோலை இரண்டாம் விசாரணையில் நீதிபதி முன்னிலையில். விடுதலைப் பத்திரத்திலேயே, இது இன்ன தேதியிட்ட ஒப்பந்தத்தின்படி எழுதப்படுவது என்று குறிப்பிட்டோம். இவ்வளவும் அவநம்பிக்கையால் செய்ததல்ல. இருவரும் நிம்மதியாகத் தூங்க அது உதவியது.

நகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனைவிக்குப் போட்ட நகை அவளுடைய ஸ்திரீதனம், அதாவது அவளுக்கே உரிய சொத்து. கணவரிடமோ மாமியாரிடமோ இருந்தாலும் அவர்கள் அதைக் காப்பவர்கள் மட்டுமே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது ஜீவனாம்சத்தின் ஒரு பகுதி அல்ல. "நகையைத்தான் கொடுத்துவிட்டோமே" என்று ஜீவனாம்சத்தைக் குறைக்க விடாதீர்கள். கடை ரசீது இல்லாதவற்றுக்குத் திருமணப் படங்களைப் பார்த்துப் பட்டியலிட்டோம். வீட்டு முன்பணத்துக்காக அடகு வைத்திருந்த 20 பவுனை அவர் மீட்டுத் தந்தார். ஒவ்வொன்றையும் எடையோடு எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

ஜீவனாம்சத்தை மொத்தமாக வாங்குவதா, மாதந்தோறும் வாங்குவதா என்பதில் வரியும் ஒரு காரணம். மாதாமாதம் வருவது வருமானம், ஒருமுறை மொத்தமாக வருவது மூலதனம் என்று பிரதாப்கர் இளவரசி மகேஷ்வரி தேவியின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980-களில் பிரித்துக் காட்டியது. மொத்தத் தொகைக்கு வரி இல்லை; அதை வைப்பில் போட்டு வரும் வட்டிக்கு உண்டு. கொடுப்பவருக்கு எந்த வகையிலும் வரிக் கழிவு கிடையாது. எனக்குச் சம்பளம் இருந்ததால் மொத்தத் தொகையே போதும் என்றேன். ஆனால் பல ஆண்டு வேலைக்குப் போகாமல் குடும்பத்தைப் பார்த்த பெண்கள், "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரிக்குக் கீழே கையெழுத்திடும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும். அந்த வரி எழுதப்பட்ட பின் பிறகு வந்து கேட்பது மிகக் கடினம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பது தடையாக வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மகளுக்கான பணத்தை என் பணத்தோடு கலக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அது அவளுடைய உரிமை. என் சார்பில் நான் எதை விட்டுக்கொடுத்தாலும், அவள் பராமரிப்பை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை. மாதம் 15,000 ரூபாய், ஒவ்வொரு ஜூன் மாதமும் 8 சதவீத உயர்வு, பள்ளிக் கட்டணத்தில் பாதி, மேற்படிப்புச் செலவில் பாதி என்று எழுதினோம். உயர்வைச் சேர்க்காத ஒப்பந்தங்களில், பத்து வயதுக் குழந்தைக்குப் பேசிய தொகையே பதினேழு வயதிலும் நிற்கிறது. மகள் என்னுடன் இருப்பாள். வார இறுதிகளும் விடுமுறையில் பாதியும் தந்தையுடன். கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கு இருவரும் கையெழுத்திட வேண்டும், செல்வமகள் கணக்கிலிருந்து அவள் படிப்புக்கன்றி எடுக்கக் கூடாது என்பவையும் ஒப்பந்தத்தில் உண்டு. மகள் நலனுக்காக இந்த ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்கு எப்போதும் இருக்கிறது.

நீதிமன்றத்தில் நடந்தது இவற்றோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் அழைத்துப் பேசினார். சேர்த்து வைக்க முயல்வது அவருடைய கடமை, அதைக் கனிவாகவே செய்தார். இரண்டாம் விசாரணையில், கட்டாயமின்றிச் சம்மதிக்கிறீர்களா, ஒப்பந்தத்தில் சொன்னவை நிறைவேறினவா என்று நீதிபதி கேட்டார். நிறைவேறிவிட்டன என்று இருவராலும் சொல்ல முடிந்தது. வரைவோலை கைமாறியது, சில நாளில் தீர்ப்பும் வந்தது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல்களைத் தேவைக்கு அதிகமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்குவது போன்ற வேலைகளுக்கு அது தேவைப்படும். வங்கியிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயர் தானாக மாறாது. நாம்தான் மாற்ற வேண்டும். அவர் 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எனக்கும் மகளுக்குமாக ஒரு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். அந்த வகைக் காப்பீட்டில் பயனாளியை நியமனப் படிவத்தால் மாற்ற முடியாது என்பதால், அதை அப்படியே தொடர்வது என்று முன்பே எழுதிக்கொண்டோம். அவர் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து தீர்ப்போடு என் பெயர் போய்விடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தனிக் காப்பீட்டில் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது என்பதால், முதல் மனு கொடுத்த வாரத்திலேயே எனக்கெனத் தனிக் காப்பீடு எடுத்துவிட்டேன். மகள் இன்றும் அவர் நிறுவனக் காப்பீட்டில்தான் இருக்கிறாள்.