செம்பாட்டு மண்ணில் ஒரு பொய் இரும்பு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வாழைத்தோட்டத்து மண்ணில் ஒரு சிட்டிகையை, உரிய அனுமதிக் கடிதங்களோடு, பிரான்சின் கிரெனோபிளுக்குக் கொண்டுபோனபோது அப்பா சிரித்தார். “செம்பாட்டு மண்ணில இரும்பு இருக்கெண்டு சொல்ல அவ்வளவு தூரம் போகவேணுமோ?”

நியாயமான கேள்விதான். ஆனால் நான் தேடியது நாகம் என்ற உலோகத்தை, அதாவது துத்தநாகத்தை. பயிருக்குத் துளியளவே தேவைப்படும் அது, மண்துகளில் எதோடு ஒட்டிக்கிடக்கிறது?

அங்குள்ள சின்க்ரோட்ரான், அதாவது இலத்திரன்களை வேகமாகச் சுழற்றி எக்ஸ் கதிர் உண்டாக்கும் வளையத்தின் சுற்றளவு 844 மீற்றர். அதிலிருந்து வரும் எக்ஸ் கதிரைச் சில பத்து நனோமீற்றர் அகலத்துக்குக் குவிக்கலாம். கதிர் பட்டதும் அணுவின் உள்ளோட்டிலிருந்து ஓர் இலத்திரன் தெறிக்கும். வெளியோட்டு இலத்திரன் அந்த இடத்துக்கு இறங்கும்போது அந்த மூலகத்துக்கே உரிய சக்தியில் ஒரு எக்ஸ் கதிர் வெளிவரும். இரும்புக்கு 6.40 கிலோ இலத்திரன்வோல்ற்று, நாகத்துக்கு 8.64. புள்ளி புள்ளியாக நகர்த்திப் பதிந்தால் படம். 10 மைக்ரோமீற்றர் சதுரத்தை 50 நனோமீற்றர் இடைவெளியில் அளந்தால் 40,000 புள்ளிகள், புள்ளிக்கு 0.1 செக்கன் என்றாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நித்திரை இல்லாத இரவுகள். மண்துகளைத் தாங்கும் சிலிக்கன் நைத்திரைட்டுச் சன்னலின் தடிப்பு 200 நனோமீற்றர். ஒன்றைச் சாவணத்தால் தொட்டேன், அவ்வளவுதான், போய்விட்டது.

படங்களில் நாகம் இருந்த இடமெல்லாம் மங்கனீசும் இருந்தது, கூடவே மெல்லிய இரும்பும். மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்தபிறகுதான் உறைத்தது. மங்கனீசு ஒரே சக்தியில் மட்டும் கதிர் விடுவதில்லை; அதன் இரண்டாவது கோடு, அதாவது இரண்டாவது சக்தி, 6.49இல் விழும். இரும்போடு இடைவெளி 0.09தான், உணரியால் பிரித்தறிய முடிவது கிட்டத்தட்ட 0.15. அதாவது மங்கனீசு நிறைய உள்ள இடத்தில் இல்லாத இரும்பும் தெரியும்! படம் அழகாக இருந்ததால், எந்தச் சக்தியில் எவ்வளவு கதிர் வந்தது என்று காட்டும் நிறமாலையைத் திறந்தே பார்க்கவில்லை. என் பிழைதான், வேறு யாரைச் சொல்ல? ஒவ்வொரு புள்ளியின் நிறமாலையையும் கோடு கோடாகப் பொருத்தியபோது அந்த இரும்பில் பெரும்பகுதி கரைந்துபோனது. நாகமும் மங்கனீசும் மட்டும் அசையவில்லை.

புதிய படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, இது தோட்டத்தில எந்த இடம்?”

எந்த இடமா? கிணற்றடியில் அள்ளிய ஒரே பிடி மண்ணில் ஒரே ஒரு துகள். அடுத்த நாள் வாய்க்கால் நெடுக நடந்து ஆறு குப்பிகள் நிரப்பினோம். இடங்களை அவர்தான் காட்டினார்.