டெனர் சாக்ஸபோனும் நியூ ஜெர்சி இசைத்தட்டுகளும்

ஜாஸ் சாக்ஸபோன் எல்பிகளைச் சேர்க்க ஆரம்பித்தபோது நான் போட்டுக்கொண்ட வேலி ஒன்றுதான்: 1950களிலும் 60களின் முதல் பாதியிலும் பதிவானவை மட்டும். இப்போது அலமாரியில் இரண்டு அடுக்கு நிரம்பிவிட்டது. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நான் குடியிருக்கும் நியூ ஜெர்சியிலேயே பதிவானவை. ஊர்ப் பாசத்தில் தேடி வாங்கியதில்லை. எல்லாம் ரூடி வான் கெல்டர் என்ற ஒருவரின் கைவேலை.

அவர் பகலில் கண் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். மற்ற நேரத்தில் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு ஹாலில் மைக்கை நிறுத்தி ஒலிப்பதிவு செய்தார். புளூ நோட், பிரெஸ்டீஜ் இரண்டு இசைத்தட்டுக் கம்பெனிகளும் அவரிடமே வந்தன. சோனி ராலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்' (1956), ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெயின்' (1957) இரண்டும் அந்த ஹாலில் பதிவானவை. 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் கூரையை நல்ல உயரத்துக்குத் தூக்கித் தனி ஸ்டுடியோவே கட்டிவிட்டார். 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் அங்கே பதிவானது. இரண்டு இடத்துப் பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிறேன். என் காதுக்கு, ஹாக்கன்சாக்கில் சாக்ஸபோன் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. எங்கிள்வுட்டில் அதைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இருக்கிறது.

பழைய தட்டு வாங்கும்போது அட்டையைவிட முதலில் பார்க்க வேண்டியது, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையம். பிரின்ஸ்டன் ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்ச் கடைப் பக்கம் போனால் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவேன். வளையத்தில் கையால் கீறிய 'ஆர்விஜி' என்ற அவர் பெயரின் முதலெழுத்துகள் இருந்தால், அச்சுக்கு மூலமான தகட்டை வெட்டியவரும் வான் கெல்டர்தான் என்று பொருள். பிற்காலத் தட்டுகளில் கீறலுக்குப் பதில் 'வான் கெல்டர்' என்று முத்திரையே குத்தியிருக்கும். புளூ நோட் தட்டு என்றால் காது வடிவத்தில் ஒரு சின்னக் குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது உண்மையில் சாய்த்து எழுதிய 'பி'. தட்டு அடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். அந்த ஆலையும் இங்கே நார்த் பிளெய்ன்ஃபீல்டில்தான் இருந்தது. லிபர்ட்டி நிறுவனம் புளூ நோட்டை வாங்கிய பிறகு, 1966 வாக்கில் அந்தக் குறி நின்றுபோனது. காது இருந்தால் விலை ஏறிவிடும். காதுள்ள 'புளூ டிரெயின்' விலையைப் பார்த்துவிட்டு மரியாதையாக உறையில் திருப்பி வைத்தேன். கேட்பதற்கு அது வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஏனென்றால் இப்போதைய மறுபதிப்புகள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன. 2019இல் தொடங்கிய புளூ நோட்டின் டோன் போயட் வரிசையில் ஒலிப்பொறியாளர் கெவின் கிரே மூல டேப்பிலிருந்து நேரே வெட்டுகிறார். அவர்களுடைய கிளாசிக் வினைல் வரிசை அதைவிட விலை குறைவு. பிரெஸ்டீஜ், கண்டெம்பரரி கம்பெனிகளின் தட்டுகளுக்கு 1980களில் தொடங்கிய ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் மறுபதிப்புகளைப் பழையதாக வாங்குகிறேன். ஆர்ட் பெப்பரின் 'மீட்ஸ் த ரிதம் செக்ஷன்' அப்படித்தான் வந்தது. மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசித்த மூவரையும் அப்படியே வைத்துக்கொண்டு 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், கம்பெனியின் சரக்கு அனுப்பும் அறையில் பதிவு செய்தது. டெனரைவிடச் சிறிய ஆல்ட்டோ சாக்ஸபோன் இவ்வளவு தெளிவாக ஒலிக்கும் தட்டு என்னிடம் வேறு இல்லை. நான் ஒதுக்குவது ஒரு வகையைத்தான்: 1963க்கு முந்தைய பதிவுகளுக்கு ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் மலிவாக வரும் தட்டுகள். எதிலிருந்து எடுத்தார்கள் என்று பலவற்றின் அட்டையில் ஒரு வரிகூட இருக்காது.

அப்புறம் ஊசி. இதில்தான் இந்த வருடம் பணம் போனது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 சொச்சம்தான். அதே ஒலியை, பாதி நீளத்துக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், உருண்டை முனை ஊசி அங்கே தடுமாறும். சாக்ஸபோனில் இது உடனே தெரிந்துவிடும். பென் வெப்ஸ்டரின் 'சோல்வில்' முதல் பக்கத்தின் கடைசியில் 'டைம் ஆன் மை ஹேண்ட்ஸ்' வருகிறது. வெப்ஸ்டர் ஒரு சுரத்தை முடிக்கும்போது சுரம் போய்விடும், மூச்சு மட்டும் 'ஹ்ஹ்' என்று மிச்சம் இருக்கும். பழைய ஊசியில் அந்த மூச்சு வெறும் இரைச்சலாகக் கேட்டது. மெல்லிய முனை உள்ள மைக்ரோலைன் ஊசி போட்ட பிறகு அது மூச்சாகவே கேட்கிறது. புது ஊசி எதைச் சோதித்தாலும் இனி எனக்கு அந்தப் பாட்டுதான்.

'எ லவ் சுப்ரீம்' தட்டுக்கும் இதே கதைதான். கடைசிப் பகுதியான 'சாம்' இரண்டாம் பக்கத்தின் உட்கோடியில் இருக்கிறது. அட்டையை விரித்தால் கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனைக் கவிதை உள்ளே அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியில் அவர் வாசிப்பது அந்தக் கவிதையைத்தான், ஏறக்குறைய அசைக்கு ஒரு சுரமாக. தாளக்கட்டு கிடையாது. எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸை விட்டுவிட்டு டிம்பனி என்ற பெரிய முரசை உருட்டுகிறார். கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி வரும் இடங்களில் சாக்ஸபோன் பெரும்பாலும் கீழே இறங்கி ஆதார சுருதியில் வந்து அமரும். திருச்சியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு இதைப் போட்டேன். விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். முடிந்ததும், "விருத்தம்னே சொல்லலாம் தம்பி, இன்னொரு தடவை போடுங்க" என்றார். செல்போனில் கேட்டால் கையில் அட்டை இருக்காது. அதனால்தான் இந்த ஆல்பத்தை மட்டும் எல்பியாகவே வாங்கச் சொல்கிறேன்.

ஆனால் முதல் தட்டாக இதைச் சொல்வதில்லை. யாருக்கு என்பதைப் பார்த்துத்தான் சிபாரிசு. கச்சேரி கேட்டுப் பழகியவர் என்றால் 'சாக்ஸபோன் கொலோசஸ்' தருவேன். அதில் 'புளூ செவன்' பாட்டில் ராலின்ஸ் ஒரு சின்னப் பிடியை எடுத்துக்கொண்டு பதினோரு நிமிடம் அதையே பிரித்துப் பிரித்துக் கட்டுகிறார். எங்கே போனாலும் ஆரம்பப் பிடி கையிலேயே இருக்கிறது. மெட்டு வேண்டும் என்பவருக்கு கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்'. ராத்திரி சன்னமாக வைத்துக் கேட்க என்றால் டெக்ஸ்டர் கார்டனின் 'கோ'. 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவருக்கு ஹேங்க் மோப்லியின் 'சோல் ஸ்டேஷன்'. 1960 பிப்ரவரியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் பதிவானது. டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர் மோப்லியை டெனரின் மிடில்வெயிட் சாம்பியன் என்றார். அதைக் குறையாகவே பல பேர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நடு எடைதான் பிடித்திருக்கிறது: கோல்ட்ரேன் மாதிரி கூர்மையும் இல்லை, ஸ்டான் கெட்ஸ் மாதிரி பஞ்சும் இல்லை, ஆறு பாட்டிலும் அவசரம் என்பதே இல்லை. கடன் கொடுத்தவர்களில் பிடிக்கவில்லை என்று சொன்னவர் யாரும் கிடையாது. ஒருவர் திருப்பியே தரவில்லை. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு பிரதி வாங்கிவிட்டேன்.